மழைக்கு என்னா செய்வ?

வெள்ளிக்கிழமை பரிசம். இன்று புதன்.

உடபெல்ல ரப்பர் தோட்டத்தின் கீழ் டிவிசனில் லயத்து வரிசை வீடுகளில் மூக்கையாவின் காம்பராவுக்கு வெள்ளையடித்து முடிந்திருந்தது. மகள் விஜயகலாவுக்குப் பரிசம் போட பலாங்கொடையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வேன் பிடித்து வருகிறார்கள். மாப்பிள்ளை இந்திரகுமார் பலாங்கொடை டவுனில் கொமியுனிகேஷன் கடை வைத்திருப்பவன். டெலிபோன், போட்டோக்கொப்பி, ஒரு கம்பியூட்டர். குடிக்காதவன், கையில் தொழில் உள்ளவன் என்று லயமே ஒரு முடிவுக்கு வந்துவிட்டது.

தம்பி கிருஷாந்த் வரலாமா, கூடாதா என்பதுதான் பல கிழமைகளாக அந்த வீட்டில் நடக்கும் வழக்கு.

அம்மா சென்ற ஆண்டு மே வெள்ளத்தின்போது இறந்தாள். கரவனெல்ல ஆஸ்பத்திரியிலிருந்து உடலைக் கொண்டுவந்த லொறி தோட்டத்துக்குள் நுழைந்த பிறகு பின்னால் மண் சரிந்து ரோட்டு மூடிக்கொண்டது. அன்று லயமே அழுதது. கிருஷாந்த் மட்டும் அழவில்லை. முகத்தில் பாதியைத் துவாயால் மூடிக்கொண்டு, அக்காவின் ஒப்பாரியை டேப் ரெக்கோடரில் பிடித்துக்கொண்டு நின்றான். இந்தியாவுக்குப் போய்விட்ட பெரியம்மாவுக்கு அனுப்புவதற்காக. சாவுக்கு வர முடியாத உறவுக்குக் கெசட் அனுப்புவது தோட்டத்தில் நடக்கிற காரியம்தான். கோத்தகிரியில் இருக்கும் பெரியம்மா அதைக் கேட்டுத்தான் தங்கைக்கு அழ வேண்டும்.

ஆனாலும், பெற்றவள் பெட்டிக்குள் கிடக்க, டேப் சுற்றுகிறதா என்று குனிந்து பார்த்தவனை விஜயகலாவால் மன்னிக்க முடியவில்லை. தீபாவளியன்று அதைச் சொல்லிக் காட்டினாள். மறுநாளே அவன் கொழும்புக்குப் போய்விட்டான். விழாக்களுக்குச் சவுண்ட் செட் வாடகைக்கு விடும் கடையில் வேலை. பிறகு லயத்துப் பக்கமே வரவில்லை.

"கூடப் பொறந்தவன் இல்லாம பரிசமா?" என்று அப்பா கேட்டுக் கேட்டு, போன கிழமைதான் அவள் இறங்கி வந்தாள்.

"சரி, வரட்டும்."

அந்த ஒரு சொல்லின் ஆயுள் இன்று காலை வரைதான் இருந்தது.

*

விடியலிலிருந்தே மழை. மழையென்றால் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டு இல்லை. மூக்கையா வீட்டில் இருந்தார். விஜயகலா, தான் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் லீவு சொல்லிவிட்டு, அவிசாவளை டெய்லரிடம் பிளவுஸ் எடுக்கச் சந்தியில் பஸ் ஏறினாள்.

"இஸ்ஸரட்ட யன்ன, இஸ்ஸரட்ட!" என்று கொண்டக்டர் எல்லாரையும் முன்னால் தள்ளினான்.

இந்த ரோட்டில் ஓடும் தனியார் பஸ்களுக்கு இப்போது வேகத்தில் மட்டும் போட்டியில்லை. சத்தத்திலும்தான். சீட்டுக்கடியில் பெட்டி பெட்டியாக ஸ்பீக்கர். பழைய பாட்டுப் போடும் பஸ்ஸில் வயதானவர்கள் ஏறுவார்கள். 'நொன்ஸ்டொப்' போடும் பஸ்ஸுக்காக கார்மென்ட் பெண்களும் டியூஷன் பையன்களும் வந்த பஸ்ஸை விட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். நிற்காத ஒரே இடி. ஓடி வந்தவன் நெஞ்சு அடிப்பதுபோல. அதன் மேல் எங்கிருந்தோ வெட்டியெடுத்து ஒட்டிய ஒரு குரல், திரும்பத் திரும்ப. குரலுக்குச் சொந்தக்காரர் யாரென்று சீடி உறையில் போடுவதில்லை. கேட்பவர்களும் தேடுவதில்லை. கொழும்பு ஹோட்டல்களில் ஆடப்படுவது மறு கிழமை தெஹியோவிட்ட பஸ்ஸில் குலுங்கும். யுத்த நிறுத்தம் வந்தபின் சோதனைச் சாவடியில் இறக்கி ஏற்றுவதும் குறைந்திருந்தது. பாட்டு நடுவில் நிற்க வேண்டிய தேவையும் இல்லாமல் போனது.

விஜயகலா ஜன்னல் பக்கம் ஒதுங்கி நின்றாள். பாட்டை அவள் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற பையன் வாயசைத்ததைத்தான் முதலில் பார்த்தாள். சிங்களப் பையன். ஆனால் அவன் வாயில் தமிழ்.

"மழக்கி என்னா... மழக்கி என்னா... மழக்கி என்னா செய்வ..."

இடி ஒரு கணம் நின்றது. வெறும் குரல் மட்டும் பஸ் முழுக்க எழுந்தது.

"கொடய வச்சிட்டுப் போறியேம்மா... மழைக்கு என்னா செய்வ?"

மறுபடி இடி விழுந்தது. பின் சீட்டில் யாரோ விசிலடித்தார்கள்.

வேகம் கூட்டியதில் குரல் சிறு பிள்ளையின் குரல்போல மெலிந்திருந்தது. ஆனால் அந்த வரி வேறு யாருடையதாகவும் இருக்க முடியாது. தலைமுறையாக வரும் ஒப்பாரி இல்லை அது. அம்மா குடையில்லாமல் வாசல் தாண்டமாட்டாள். பெட்டியைத் தூக்கியபோது ஆணியில் அந்தக் குடை தொங்குவது விஜயகலாவின் கண்ணில் பட்டது. அப்போது வாயில் வந்த வரி. அதற்கு முன் உலகத்தில் யாரும் அப்படி அழுததில்லை.

"நங்கி, அவிசாவளை தானே?" என்று கொண்டக்டர் டிக்கட்டை நீட்டினான்.

"எறக்கிவிடுங்க," என்றாள்.

*

தெஹியோவிட்ட கடைவீதியில் ஒரு டெலிபோன் கடைக்குள் நுழைந்து, பாடமாக இருந்த இலக்கத்தை அழுத்தினாள். பலாங்கொடையில் இந்திரகுமார் எடுத்தான்.

"என்னா விஜி, இந்த நேரத்துல? பிளவுஸ் எடுக்கப் போகலயா?"

"பஸ்ஸுல ஒரு பாட்டுப் போகுதுங்க. அதுல என் சத்தம் இருக்கு."

"ஒங்க சத்தமா?"

"அம்மா செத்தன்னிக்கி நான் அழுதது. அதப் போட்டு ஆடுறாங்க."

அந்தப் பக்கம் போட்டோக்கொப்பி மெசின் ஓடும் சத்தம் கேட்டது.

"நான் இந்த டப்பு டப்புப் பாட்டெல்லாம் கேக்குறதில்ல," என்றான். "நல்லாத் தெரியுமா ஒங்களுக்கு?"

"என் வாயில வந்தது எனக்குத் தெரியாதா? தம்பிதான் அன்னிக்கி ரெக்கோட் பண்ணுனான். கெசட்டு இந்தியாவுக்குப் போயிருச்சு. கொப்பி இருந்தா அவன்கிட்டதான் இருக்கணும்."

"நான் ஒன்னு சொன்னா கோவிச்சுக்குவீங்க."

"சொல்லுங்க."

"அழுதுகிட்டே ரெக்கோட் பண்ணுனவன், சிரிச்சுகிட்டே விக்கவும் செய்வான். ஒங்க தம்பி, நான் வேற என்னா சொல்ல? வெள்ளிக்கிழம எங்க மாமாங்க எல்லாம் வாறாங்க. அன்னிக்கி அவர் அங்க நிக்கணுமான்னு யோசிச்சுக்கங்க."

ரிசீவரை வைத்தபின், அழுதுகிட்டே என்று அவன் சொன்னது அவள் மனதில் நின்றது. கிருஷாந்த் எங்கே அழுதான்? இந்திரகுமாரின் சம்பந்தம் வந்தது இந்த வருடம்தான். சாவு வீட்டை அவன் கண்டதில்லை. கிருஷாந்த் அழாததை அவள் அவனிடம் சொன்னதும் இல்லை. தம்பியை விட்டுக்கொடுப்பதுபோல் ஆகிவிடும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தாள். மனுசன் எல்லாரையும் தன்னைப்போல நினைக்கிறார் என்று எண்ணிக்கொண்டாள்.

அடுத்ததாகத் தம்பியின் கைத்தொலைபேசிக்கு எடுத்தாள்.

"அக்கா! நீயா? வெள்ளிக்கிழமைக்கு நான் ஒரு சின்ன செட்டு கொண்டாரவா? பாட்டுப் போட..."

"நீ போட்ட பாட்டுப் போதும்டா."

"என்னாக்கா?"

"அம்மா சாவ எவனுக்குடா வித்த?"

"நீ என்னா பேசுறன்னே எனக்கு வெளங்கல."

"மழைக்கு என்னா செய்வ, மழைக்கு என்னா செய்வ. பஸ்ஸுல சிங்களப் பொடியனுங்க வாயில எல்லாம் அதுதான். இப்ப வெளங்குதா?"

மறுமுனையில் மூச்சு நின்றதுபோல் இருந்தது. அவளுக்குச் சந்தேகம் உறுதியானது. ஒன்றும் தெரியாதவன் உடனே "இல்லை" என்பான். இவன் எதையோ கணக்குப் பார்க்கிறான்.

"அக்கா, கொப்பி என்கிட்ட இருக்கு. இல்லன்னு சொல்லல. ஆனா நான் யாருக்கும் குடுக்கல. அம்மா மேல சத்தியமா."

"அம்மாவ இழுக்காத."

"நான் இன்னைக்கே வர்றேன். நேர்ல சொல்றேன். சாயங்கால பஸ்ஸுல..."

"வந்தா கதவு தொறக்காது," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

டெலிபோன் கடைக்காரர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு மிச்சக் காசைக் கொடுத்தார்.

*

மர்சூக்கின் கடை வளைவுக்கு அந்தப் பக்கம். முன்பு கெசட் கடை. இப்போது கெசட்டுகள் பின் தட்டுக்குப் போய்விட்டன. முன்னால் கயிற்றில் சீடிகள் கொடித்துணிபோலத் தொங்கின.

"வாங்க தங்கச்சி. பரிசத்துக்குப் பாட்டுப் பாக்க வந்தீங்களா?"

"மழைன்னு ஒரு பாட்டு ஓடுதாமே நானா, பஸ்ஸுல."

"ஓடுதாவா? இந்தக் கிழமை அது மட்டுந்தான் ஓடுது." அவர் ஒரு சீடியை உருவினார். உறையில் ஏதோ வெள்ளைக்காரப் பெண்ணின் படம். "சின்னப் பிள்ளைகளுக்கு அது என்ன சொல்லுதுன்னு கூடத் தெரியாது. கேட்டா, மழை வாறதப் பத்தின பாட்டாம்."

"கொழும்புல இருந்து வந்ததா?"

மர்சூக் தலையாட்டி மறுத்தார். "அதுதான் புதினம். கொழும்புச் சாமான் கீழ இருந்து மேல போகும். இது மேல இருந்து கீழ வந்திருக்கி. பலாங்கொட பஸ் கொண்டக்டர் ஒருத்தர் கொண்டுவந்து தந்தது. அதுக்குப் பொறகுதான் கொழும்பு யாவாரிமார் என்னட்ட கேட்டு ஆள் அனுப்பினது."

பொய்யாகவும் இருக்கலாம் என்று நினைத்தாள். கிருஷாந்தை இவருக்குத் தெரியும். சின்ன வயதில் இந்தக் கடை வாசலிலேயே கிடந்தவன். சொல்லிக்கொடுத்து வைத்திருக்கலாம்.

"போட்டுக் காட்டுங்க நானா."

கடைக்குள் இருந்த நல்ல ஸ்பீக்கரில் பஸ்ஸில் கேட்காதவை கேட்டன. இடிக்கு அடியில் இன்னொரு சத்தம் இருந்தது. மெசின் போடும் சத்தமல்ல. தோல்.

தப்பு.

அம்மாவின் சாவில் தப்பு அடிக்கவே இல்லை. டிவிசனில் தப்படிப்பவர் அப்பா. சாவு வீட்டுக்காரர் தப்பைத் தொடக்கூடாது. பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் வர வேண்டியது. மண் சரிந்து ரோட்டு மூடியதில் அவர்கள் அந்தப் பக்கமே நின்றுவிட்டார்கள். மேளமில்லாமல், மழைச் சத்தத்தோடுதான் அம்மா போனாள்.

"திரும்பப் போடுங்க."

மர்சூக் அவள் முகத்தைப் பார்த்தார். திரும்பப் போட்டார்.

பெரிய குச்சி நேராக விழுந்தது. சின்னக் குச்சி மட்டும் ஒவ்வொரு முறையும் ஒரு இமைப்பொழுது பிந்தி விழுந்தது. பால் வெட்டுக் கத்தியில் இடது ஆள்காட்டி விரலின் நுனியை இழந்த ஒருவர், அந்தக் குச்சியை மற்ற விரல்களால் இடுக்கிப் பிடித்து அடிப்பதுபோல.

பிறந்ததிலிருந்து திருவிழாவிலும் சாவிலும் அவள் கேட்டு வளர்ந்த பிந்தல் அது.

"சீடி வேணுமா தங்கச்சி?"

"வேணாம் நானா," என்றாள். "எல்லாம் வீட்டுலதான் இருக்கு."

*

கொழும்பில், கடற்கரை ஹோட்டல் ஒன்றின் நீச்சல் குளத்தருகே கிருஷாந்த் வயர் இழுத்துக்கொண்டிருந்தான். ஏதோ கம்பனியின் பகல் பார்ட்டி. அக்கா வைத்த டெலிபோன் இன்னும் காதில் சுட்டது.

டீஜே, அவன் வயதுப் பையன், தலையில் துணி கட்டியவன், இரண்டு பாட்டுப் போட்டான். மூன்றாவதில் குளத்தருகே நின்றவர்கள் எல்லாரும் கையைத் தூக்கினார்கள்.

"மழக்கி என்னா... மழக்கி என்னா..."

கிருஷாந்த் வயரைக் கீழே போட்டான்.

அவனுக்கு மட்டுமே தெரிந்த ஒன்று அதில் இருந்தது. தப்புச் சத்தம். அது இவனும் அப்பாவும் இவனுடைய அறையில் பதிந்தது. அதில் தப்பைத் தவிர வேறு வாத்தியமே கிடையாது. அடியில் கிடக்கும் இந்த மெசின் இடியை வேறு எவனோ போட்டிருக்கிறான். முன்னால் இருந்த பகுதியை வெட்டிவிட்டு, நேராகக் குரலில் தொடங்கியிருக்கிறான். அப்படியானால் அவனிடம் முழுதும் இருக்கிறது.

கொப்பி இரண்டே இரண்டு. ஒன்று இவனுடைய கம்பியூட்டரில். மற்றது அப்பாவிடம் கொடுத்த சீடி.

கூட வேலை செய்பவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக வந்துபோயின. யார் அறைக்குள் வந்தார்கள், யார் கம்பியூட்டரைத் தொட்டார்கள். கடைசியில் அவன் நினைக்க விரும்பாத முகமும் வந்தது. அப்பா யாரிடமாவது கொடுத்திருப்பாரோ?

டீஜேயிடம் போய், இது எங்கே கிடைத்தது என்று சிங்களத்தில் கேட்டான்.

"எல்லா பஸ்ஸிலும்தானே போகிறது, மச்சான்," என்றான் அவன். "ரோட்டுச் சாமான். யாருடையதும் இல்லை."

குளத்தருகே ஆடிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி மட்டும் சட்டென்று நின்றாள். கையை இறக்கினாள். அவளுக்குத் தமிழ் தெரியும்போல. கூட வந்தவளின் காதில் ஏதோ சொன்னாள். கூட வந்தவள் சிரித்துவிட்டு ஆடினாள். நின்றவள் கரைக்குப் போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

கிருஷாந்த் வயரைச் சுருட்டி வைத்துவிட்டு, முதலாளியிடம் சொல்லாமலே அவிசாவளை பஸ் பிடிக்கப் புறப்பட்டான். கதவு திறக்காது என்று அக்கா சொல்லியிருக்கிறாள். சொன்னால் சொன்னதுதான். போய் வாசலில் உட்காருவோம் என்று நினைத்தான்.

*

மூக்கையா வெள்ளையடித்த சுவரில் மனைவியின் படத்தை மாட்டிக்கொண்டிருந்தார். மகள் நனைந்துபோய் வருவதைப் பார்த்ததும், "பிளவுஸு?" என்றார்.

"ஏப்ரல் மாசம் கண்ணு கிளினிக்குன்னு கொழும்புக்குப் போனீங்களே. தப்ப எடுத்துக்கிட்டா போனீங்க?"

அவர் சுத்தியலைக் கீழே வைத்தார். கட்டிலில் உட்கார்ந்தார்.

"கேட்டியா?"

"கேட்டேன். நீங்களும் கேட்டீங்களா?"

"போன கிழமையே கேட்டேன். ஸ்டோர் லொறிக்காரன் போட்டுகிட்டு வந்தான்."

"கேட்டுட்டு சும்மா இருந்தீங்க!"

"என்னாத்த செய்யச் சொல்ற?" என்றார். "ஊருக்கெல்லாம் அடிச்சேன் விஜி. தொரைக்கி, கங்காணிக்கி, யாருன்னே தெரியாதவனுக்கெல்லாம். அவளுக்கு அடிக்க ஆளில்ல. நான் தொடக்கூடாதுன்னு கையக் கட்டிகிட்டு நின்னேன். அது நெஞ்சுல அப்பிடியே கெடந்துச்சு. தம்பிகிட்ட போன்ல சொன்னேன். வாங்கப்பா, வந்து அடிங்க, அக்கா அழுவுறதோட சேத்துத் தர்றேன்னான். போனேன். காதுல ஒன்ன மாட்டிவிட்டான். நீ அழுவுற. நான் அடிக்கிறேன். அன்னிக்கி நடக்க வேண்டியது அது."

"என்கிட்ட சொல்லல."

"சொன்னா நீ அவனத் திட்டுவ. சாவ வச்சு வெளையாடுறான்னு."

"வெளையாடித்தானே இருக்கு! ஊரே ஆடுது அப்பா. விசிலடிச்சு ஆடுறானுங்க."

"சாவுக்கு ஆடுறது நமக்குப் புதுசா?" மூக்கையா நிமிர்ந்து பார்த்தார். "நான் அடிக்க, பாடைக்கு முன்னால ஆடாத ஆளு யாரு? ஒங்கம்மாவுக்கு முன்னால ஒருத்தரும் ஆடல. ரோட்டு மூடிக் கெடந்துச்சு. இப்ப எல்லா ரோட்டுலயும் ஆடுறாங்க. ஆடட்டுமேன்னு விட்டுட்டேன்."

கூரைத் தகரத்தில் மழை விழுந்தது.

"நம்ம ஆளுங்க ஆடுனா, செத்தது யாருன்னு தெரிஞ்சு ஆடுவாங்க," என்றாள் பிறகு. "இவங்களுக்குத் தெரியுமா?"

அந்தக் கேள்வி அவரிடம் இதுவரை வந்திருக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"அவன்தான் வித்தான்," என்றாள்.

"இல்ல. அவன் செய்யமாட்டான்."

"அழாதவன் என்னாவும் செய்வான்."

மூக்கையா எழுந்தார். மூலையில் துணி சுற்றி வைத்திருந்த தப்பை எடுத்து, துணிக்குள் கையை விட்டு ஒரு கெசட்டை உருவினார்.

"நீ ஒருக்காவும் கேட்டதில்ல. இப்பக் கேளு."

"இது?"

"நாங்க ரெண்டு பேரும் செஞ்சது. பஸ்ஸுல போறது இல்ல. முழுசு."

வீட்டு ரேடியோவில் கெசட்டைப் போட்டார். முதலில் மழை மட்டும் கேட்டது. தகரத்தில் விழும் அதே மழை, ஆனால் போன வருடத்து மழை. தூரத்தில் பெண்களின் சத்தம். அவர்களில் ஒருத்தியாக அவளும்.

அந்தத் தூரத்துக்கும் இவளுக்கும் நடுவில், மிகக் கிட்டத்தில், இன்னொரு சத்தம் இருந்தது. மூச்சு உள்ளே போகத் தெரியாமல் திணறுவதுபோல. துணியை வாயில் திணித்துக்கொண்டு ஒருவன் விம்முகிற சத்தம். விட்டு விட்டு வந்தது. தப்பு தொடங்கும் வரைக்கும் வந்தது. எல்லார் அழுகையையும்விட அதுதான் பெரிதாகக் கேட்டது.

"மைக்குக்குப் பக்கத்துல நின்னது அவன் ஒருத்தன்தான்," என்றார் அப்பா. "ஒன் சத்தத்துல தன் சத்தம் விழக்கூடாதுன்னு துவாயக் கடிச்சிருக்கான். பெரியம்மா ஒன்னத்தான் கேக்கணும்னு. இத வெட்டிருடான்னேன். இருக்கட்டும்பா, அக்கா என்னிக்காச்சும் கேக்கட்டும்னான்."

விஜயகலா கட்டில் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். துவாய் நினைவிருந்தது. மழைக்குப் போர்த்தியிருக்கிறான் என்றுதான் அவள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

ரேடியோவில் அவளுடைய குரல் குடையைப் பற்றி அழுதது. அப்பாவின் சின்னக் குச்சி பிந்தி விழுந்தது.

அழுதுகிட்டே ரெக்கோட் பண்ணுனவன்.

காலையில் கேட்ட அந்த வார்த்தை திரும்பி வந்தபோது அவள் நிமிர்ந்தாள்.

கிருஷாந்த் அழுதது அவளுக்கே இப்போதுதான் தெரியும். லயத்தில் வேறு ஒருவருக்கும் தெரியாது. பஸ்ஸில் ஓடுவதில் அந்த விம்மல் இல்லை. இந்தக் கெசட்டைக் கேட்டால் ஒழிய, அவன் அழுதான் என்று யாரும் சொல்ல முடியாது.

ரேடியோவை நிறுத்தினாள்.

"அப்பா, தம்பி ஒங்களுக்குத் தந்தது சீடி தானே?"

"ஆமா. நம்மகிட்ட சீடி போட என்னா இருக்கு? அதான் கெசட்டுக்கு மாத்திக்கிட்டேன்."

"யாரு மாத்திக் குடுத்தா?"

"வேற யாரு? நம்ம மாப்புளதான்," என்றார் மூக்கையா. குரலில் பெருமை இருந்தது. "போன மாசம் வந்தப்ப குடுத்துவிட்டேன். மறு கிழமையே பஸ்காரன்கிட்ட அனுப்பிட்டாரு. ஒரு சல்லி வாங்கல. தங்கமான மனுசன்."

மர்சூக் சொன்ன பலாங்கொடை பஸ் கொண்டக்டர் அவள் நினைவுக்கு வந்தார். கெசட்டை வெளியே எடுத்து ஈரச் சேலைத் தலைப்பில் சுற்றப் போனவள், நிறுத்தி, உலர்ந்த துண்டொன்றைத் தேடி அதில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு ஆணியில் தொங்கிய அம்மாவின் குடையை எடுத்தாள். வெள்ளையடித்தபோதுகூட யாரும் அதைக் கழற்றவில்லை. அதன் வடிவத்தில் சுவரில் பழைய நிறம் தெரிந்தது. கம்பிகள் துருப்பிடித்துச் சிக்கின. பலமாக உதறியதும் விரிந்தது.

"இந்த மழையில எங்க போற?"

"சாயங்கால பஸ்ஸுல தம்பி வர்றான். கொட கொண்டாந்திருக்கமாட்டான்."

மூக்கையாவின் முகம் மலர்ந்தது. சுவரில் படத்தை நேராக்கினார்.

"அப்பிடியே மாப்புளைக்கும் ஒரு போனப் போட்டுட்டு வா. மச்சான் வந்துட்டான்னு சொல்லு. சந்தோசப்படுவாரு."

"போடத்தான் போறேன்," என்று சொல்லிவிட்டு விஜயகலா மழையில் இறங்கினாள்.